ஆன்லைனில் வாங்கிய பழைய செயின்சா இறுகிய நிலையில் வந்தால்: கயிற்றை ஓங்கி இழுப்பதற்கு முன் ஒரு முழுமையான வழிகாட்டி

பெட்டியைப் பிரித்து, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கிறீர்கள். இரண்டு விரற்கடை வந்து, கல்லில் கட்டியது போல் நின்றுவிடுகிறது. விற்றவர் போட்டிருந்த பளபளப்பான படமும் 'நல்ல ஓட்டத்தில் உள்ளது' என்ற வரியும் நினைவுக்கு வருகின்றன. அடுத்து கை தானாகவே இன்னும் பலமாக இழுக்கப் போகும். அங்கேயே நிறுத்துங்கள்.

இறுகிய எஞ்சினைப் பலம் போட்டு இழுப்பதால் அது விடுபடுவது அபூர்வம். கெடுவதுதான் அதிகம். பிஸ்டன் ரிங்கின் முனை சிலிண்டரின் துவாரத்தில் மாட்டியிருந்தால் உடைந்து உள்ளே விழும். ஸ்டார்ட்டரின் பிளாஸ்டிக் கொக்கிகள் முறியும். சிறு பழுதோடு வந்தது பெரும் பழுதாகிவிடும். அப்புறம் அது வரும்போதே இருந்ததா, நீங்கள் இழுத்ததால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

'சீஸ் ஆகிவிட்டது', அதாவது எஞ்சின் இறுகிவிட்டது என்பது ஒரு அறிகுறிதான். அதன் பின்னால் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பிஸ்டனை மட்டும் மாற்றினால் புது பிஸ்டனும் அதே வழியில் போகும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கீழே அதைச் சொல்கிறேன்.

முதலில் கேமரா, பிறகு ஸ்பேனர்

எந்த நட்டையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். பெட்டியின் வெளிப்புறம், உள்ளே வைத்திருந்த விதம், இயந்திரத்தின் நான்கு பக்கம், வரிசை எண் உள்ள இடம் எல்லாம் வேண்டும். கயிறு வராமல் நிற்பதை ஒரு சிறு வீடியோவாக எடுத்து வையுங்கள். மெதுவாக இழுத்தாலே போதும், தெரிந்துவிடும்.

பிறகு விற்பனைக் குறிப்பை மறுபடியும் ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். 'ஓடுகிறது' என்று எழுதியிருந்தாரா, 'சோதித்துப் பார்க்கவில்லை' என்றா, 'உதிரிப் பாகங்களுக்கு' என்றா? மூன்றும் மூன்று விதமான பேச்சு. முதலாவது என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. மூன்றாவது என்றால் நீங்கள் வாங்கியதே இறுகிய இயந்திரத்தைத்தான். அந்தப் பக்கமே பிறகு காணாமல் போகலாம், அதனால் அதையும் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

விற்றவருக்கு அன்றைக்கே எழுதுங்கள். கோபமாக வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள்: 'இன்று வந்தது, எஞ்சின் சுற்றவில்லை, வீடியோ இணைத்துள்ளேன், இன்னும் எதையும் கழற்றவில்லை.' கடைசி வாக்கியம்தான் முக்கியம். பல தளங்களில் புகாருக்குக் குறிப்பிட்ட நாள் கெடு உண்டு. எஞ்சினைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். கயிறு வந்து நிற்கும் பக்கத்தையும், மூடிகளுக்கு அடியில் வெளிப்படையாகத் தெரிவதையும் மட்டும் பார்ப்பதற்கும் அவரிடம் ஒரு சொல் கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொண்டால் நல்லது. நேர்மையான விற்பனையாளர் பலர் 'பார்த்துச் சொல்லுங்கள்' என்பார்கள். சிலர் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் முன்வருவார்கள். அதை ஏற்பதா என்று முடிவெடுக்க, எங்கே பிடித்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கை வைக்கும் முன்

பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். ஸ்விட்சை நிறுத்தும் நிலையில் வையுங்கள். டேங்க்கில் பெட்ரோல் இருந்தால் வெளியே காற்றோட்டமான இடத்தில் வடித்துவிடுங்கள். வடிக்கும்போதே அதன் நிறத்தையும் வாசனையையும் கவனியுங்கள். வார்னிஷ் போல நெடி அடித்தால் பழையது. எண்ணெய் கலந்த பெட்ரோலுக்குப் பெரும்பாலும் பச்சை, நீலம், சிவப்பு என்று ஒரு சாயம் இருக்கும், ஏனென்றால் பெட்ரோலோடு கலக்கும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய்களான 2டி ஆயில்கள் பலவற்றில் நிறம் சேர்க்கிறார்கள். சாயமே இல்லாமல் தெளிவாக இருந்தால் எண்ணெய் கலக்காமல் ஓட்டியிருக்கலாம் என்ற சந்தேகத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பெட்ரோலை ஒரு வெள்ளைத் தாளில் சொட்டி உலர விடுங்கள். எண்ணெய் இருந்தால் பிசுக்குக் கறை நிற்கும், வெறும் பெட்ரோல் ஏறக்குறைய தடமில்லாமல் போய்விடும். இந்தச் சிறு சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் அது சொல்வது நிறைய.

செயின் கூர்மையானது, கையுறை போடுங்கள். பிறகு பிஸ்டனில் உள்ள வட்டக் கம்பிகளைக் கழற்றும்போது பாதுகாப்புக் கண்ணாடி அவசியம், அவை தெறிக்கும்.

எங்கே பிடித்திருக்கிறது?

பலரும் கயிறு வராவிட்டால் உடனே பிஸ்டனைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் கயிற்றுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே பல பாகங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போங்கள்.

செயின் பிரேக்கை விடுவியுங்கள். முன்பக்கக் கைக்காப்பை உங்கள் பக்கமாக, கைப்பிடி நோக்கி இழுத்தால் 'கிளிக்' என்று விடுபடும். நல்ல நிலையில் உள்ள செயின்சாவில் பிரேக் போட்டிருந்தாலும் கயிறு வரும், ஏனென்றால் எஞ்சின் வேகம் எடுத்த பிறகுதான் கிளட்ச், செயினை ஓட்டும் டிரம்மைப் பிடிக்கும். ஆனால் கிளட்ச்சின் ஸ்பிரிங் அறுந்திருந்தாலோ, கிளட்ச் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தாலோ, பிரேக் போட்டதும் எஞ்சினே கட்டிப் போட்டது போல ஆகிவிடும். பிரேக் கிளட்ச் மூடிக்குள்ளேயே உள்ள மாடல்களில் மூடியைக் கழற்றும் முன்பு பிரேக்கை விடுவிப்பது இன்னும் முக்கியம். இல்லாவிட்டால் திரும்ப மாட்ட முடியாமல் திண்டாட வேண்டிவரும்.

அடுத்து பாரைப் (செயின் ஓடும் நீளத் தகடு) பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி, மூடி, பார், செயின் மூன்றையும் எடுங்கள். கிளட்ச்சைச் சுற்றி மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து தார் போல் இறுகியிருந்தால் சுரண்டி எடுங்கள். டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். எஞ்சின் சுற்றாதபோதும் டிரம் தனியாகச் சுற்ற வேண்டும்.

மறுபக்கம் போய் ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றுங்கள், சாதாரணமாக நான்கு ஸ்க்ரூதான். இப்போது எஞ்சினோடு சுற்றும், விசிறி இதழ்கள் கொண்ட சக்கரமான ஃப்ளைவீல் தெரியும். அதைக் கையால், இதழ்களை நெருக்காமல், விளிம்பில் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். சுற்றினால் உங்கள் எஞ்சின் இறுகவே இல்லை. பழுது ஸ்டார்ட்டரில்தான்: கயிறு கப்பியை விட்டு நழுவியிருக்கும், அல்லது சுருள் ஸ்பிரிங் உடைந்திருக்கும்.

சுற்றவில்லை என்றால் ஃப்ளைவீலைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். இக்னிஷன் காயில் நகர்ந்து காந்தத்தோடு ஒட்டியிருக்கிறதா? இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், ஒரு விசிட்டிங் கார்டு அளவு இடைவெளி வேண்டும். ஏதாவது ஸ்க்ரூ கழன்று விழுந்து இதழ்களுக்கு நடுவே சிக்கியிருக்கிறதா? எனக்கு வந்த ஓர் இயந்திரத்தில் முன்பு பிரித்தவர் நீளமான ஒரு ஸ்க்ரூவைக் குட்டையான ஸ்க்ரூவின் துளையில் போட்டிருந்தார். அதன் நுனி ஃப்ளைவீலைக் குத்தி நிறுத்தியிருந்தது. ஸ்க்ரூவை மாற்றியதும் எஞ்சின் வெண்ணெய் போல் சுற்றியது. இறுகிய இயந்திரம் என்று சொல்லி விற்றுவிட்டார் பாவம்.

கடைசியாக பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் கழன்றதும் எஞ்சின் சுற்றினால், சிலிண்டருக்குள் திரவம் நிறைந்திருந்தது என்று அர்த்தம். பெட்ரோலோடு படுக்க வைத்து அனுப்பிய இயந்திரங்களில், கார்புரேட்டர் ஊசி சரியாக மூடாவிட்டால் இது நடக்கும். காற்றை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது, அதனால் பிஸ்டன் நின்றுவிடும். பிளக் துளை கீழே பார்க்கும்படி கவிழ்த்து, மெதுவாகச் சுற்றி வடியுங்கள். முகத்தைத் தள்ளி வையுங்கள். பிளக் ஒயர் முனை தூரத்தில் இருக்கட்டும், பீய்ச்சும் பெட்ரோலில் ஒரு பொறி விழுந்தால் போதும். பிளக்கையும் பாருங்கள்: அந்த மாடலுக்கு உரியதை விட நீளமான பிளக்கைப் போட்டு அதில் பிஸ்டன் இடித்து நிற்பதும் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு சுற்றவில்லையா? சரி, இப்போது உள்ளே பார்க்க வேண்டியதுதான்.

சைலன்சரைக் கழற்றினால் பாதிக் கதை தெரிந்துவிடும்

செயின்சாவின் நல்ல குணம் இது. சிலிண்டரைப் பிரிக்காமலேயே, சைலன்சரின் இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றினால் புகை வெளியேறும் துவாரம் வழியாகப் பிஸ்டனைப் பார்க்கலாம். நல்ல டார்ச் அடியுங்கள், அந்தத் துவாரத்தைப் படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாதது தெரியும். நல்ல பிஸ்டன் பக்கவாட்டில் மெல்லிய, நேர்த்தியான இயந்திரக் கோடுகளோடு இருக்கும். கெட்டது உழுத நிலம் போல இருக்கும்.

இந்தத் தழும்புகளைப் படிக்கத் தெரிந்தால் முன்பு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். செயின்சாவின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்று தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் ஒரே பாதுகாப்பு. நிமிடத்துக்கு 13,000 சுற்று ஓடும்போது பிஸ்டன் ஒரு நொடியில் இருநூறு தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. அந்த வேகத்தில் எண்ணெய்ப் படலம் கொஞ்சம் கிழிந்தாலும் அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் பூசிக்கொள்ளும்.

புகைத் துவாரத்தின் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள் இருந்தால், பெரும்பாலும் பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகி ஓடியிருக்கிறது. எங்கோ காற்று கசிகிறது, அல்லது கார்புரேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது தவறாகத் திருகியிருக்கிறார்கள். ஏற்கெனவே சூடான பக்கம் அது, அதனால் அங்கேதான் முதலில் உருகும். சுற்றிலும் எல்லாப் பக்கமும் கிழிந்திருந்தால் எண்ணெய் கலக்காத பெட்ரோலைச் சந்தேகியுங்கள், தாளில் சொட்டிப் பார்த்தீர்களே, அதோடு சேர்த்துப் பாருங்கள். காற்று உள்ளே வரும் பக்கம் மங்கிச் சாம்பல் நிறத்தில் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்ட்டர் கிழிந்து தூசி உள்ளே போயிருக்கிறது. பிஸ்டன் தலையில் குத்துக் காயங்கள் இருந்தால் ஏதோ உடைந்து உள்ளே சுற்றியிருக்கிறது, பேரிங்கின் துண்டாகவும் இருக்கலாம். அது மோசமான செய்தி.

கோடுகள் எதுவும் இல்லாமல் பழுப்புத் துரு மட்டும் தெரிந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒரு பக்கம் இது நல்லது, பிஸ்டனும் சிலிண்டரும் பிழைத்திருக்கலாம். இன்னொரு பக்கம், துருப்பிடிப்பது ரிங்கும், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்கின் பேரிங்குகளும்தான். விடுவித்த பிறகும் துருவேறிய பேரிங்கோடு ஓடினால் அது சில மணி நேரத்தில் உடைந்து எல்லாவற்றையும் கொண்டுபோகும்.

வைத்துக்கொள்வதா, திருப்புவதா

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். 'ஓடுகிறது' என்று சொல்லி விற்றது, உள்ளே கிழிந்த பிஸ்டன் என்றால் என் கருத்து: திருப்பி அனுப்பிவிடுங்கள். பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்த உதிரி செட், கேஸ்கெட், ஆயில் சீல், கார்புரேட்டர் கிட் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அதோடு இயந்திரத்துக்குக் கொடுத்த விலையையும் சேர்த்து, நன்றாக ஓடும் அதே மாடலின் விலையோடு ஒப்பிடுங்கள். சின்ன, வீட்டு உபயோக இயந்திரங்களில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தோற்கும். பெரிய, தொழில்முறை மாடல்களில் ஜெயிக்கும், ஏனென்றால் அவற்றின் உடலும் கிராங்க்கும் பல மறுபிறவிகளைத் தாங்கும்.

திருப்பி அனுப்பினால் டேங்க் முழுவதும் காலி செய்து, மூடியைத் திறந்து வாசனை போகக் காற்றாட விட்டுத்தான் கட்டுங்கள். பெட்ரோல் உள்ள இயந்திரத்தைப் பார்சலில் போடுவது ஆபத்து.

துருவால் பிடித்ததை விடுவித்தல்

பொறுமைதான் இங்கே முக்கியமான கருவி. பிளக் துளை வழியாகவும் புகைத் துவாரம் வழியாகவும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றுங்கள். கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து சிலர் பயன்படுத்துகிறார்கள், அதற்குத் தானியங்கி கியருக்கான மெல்லிய எண்ணெய்தான் ஏற்றது. நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஒரு நாள் ஊற விடுங்கள், முடிந்தால் இரண்டு மூன்று நாள். நடுநடுவே மீண்டும் ஊற்றுங்கள்.

பிறகு ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் வைத்து, இறுக்கும் திசையில் மெல்ல அழுத்திப் பாருங்கள். எதிர்த் திசையில் போனால் நட்டுதான் கழலும். ஒரு முடி அளவு அசைந்தாலும் வெற்றிதான். அங்கேயே நிறுத்தி, ஃப்ளைவீலைக் கையால் பின்னுக்குத் திருப்பி, இன்னும் எண்ணெய் விட்டு, மறுபடி கொஞ்சம். கூடுதல் பலம் போட்டால் ஃப்ளைவீலைத் தண்டில் நிலைநிறுத்தும் சின்ன உலோகத் துண்டு (கீ) அறுந்துவிடும். இதழ்களில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பவே கூடாது. பிளக் துளையில் கம்பியை விட்டுச் சுத்தியலால் தட்டுவதும் வேண்டாம், பிஸ்டன் தலை ஓட்டையாகிவிடும்.

சூடு உதவும். ஆனால் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பு, பெட்ரோல் முழுவதும் வடிந்து ஆவியும் போன பிறகு, வெந்நீர்த் துணி சுற்றியோ ஹேர் டிரையராலோ சிலிண்டரைச் சூடாக்கினால் போதும். தீச்சுவாலை வேண்டவே வேண்டாம். பல செயின்சாக்களின் கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவை, தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது.

விடுபட்டதும் நேராக ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டரைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்த பிறகுதான்.

சிலிண்டரைக் கழற்றுதல்

முதலில் உங்கள் மாடலின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். சிலவற்றில் சிலிண்டர் நான்கு போல்ட்டுகளில் கிராங்க் கேஸ் மேல் உட்கார்ந்திருக்கும். ஏர் ஃபில்ட்டர், கார்புரேட்டர், அதைச் சிலிண்டரோடு இணைக்கும் இன்டேக் ரப்பர், சைலன்சர் எல்லாம் எடுத்துவிட்டு, நீளமான டார்க்ஸ் அல்லது ஆலன் கீ கொண்டு மேலிருந்தே கழற்றலாம். ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 170, எம்எஸ் 180, எம்எஸ் 250 போன்றவற்றில் எஞ்சின் இரண்டு ஓடுகளாகப் பிரியும், முழு எஞ்சினையும் வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கே கேஸ்கெட்டுக்குப் பதில் பூச்சுப் பசைதான் அடைப்பு.

ஓர் அட்டையில் இயந்திரத்தின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். ஸ்க்ரூ மாறினால் என்ன ஆகும் என்று மேலேயே பார்த்தோம்.

சிலிண்டரைத் தூக்கும்போது நேராகத் தூக்குங்கள், திருகாதீர்கள். ரிங் முனைகள் துவாரத்தில் மாட்டும். இறுகியிருந்தால் ரப்பர் சுத்தியலால் சுற்றி மெல்லத் தட்டுங்கள். பிஸ்டன் வெளியே வந்ததும் கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள், இதை மறக்கவே வேண்டாம். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பின்னைப் பிடித்திருக்கும் வட்டக் கம்பி உள்ளே விழுந்தால் எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டிவரும். அந்தக் கம்பிகளைக் கழற்றியதும் தூக்கிப் போடுங்கள், மறுபடி பயன்படுத்தாதீர்கள். பின்னைக் கையால் தள்ளி எடுங்கள். வராவிட்டால் பிஸ்டனை எதிர்ப்பக்கம் தாங்கிக்கொண்டு தள்ளுங்கள், பக்கவாட்டில் அடித்தால் கனெக்டிங் ராட் வளையும்.

இப்போது கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. கிராங்க்கைச் சுற்றுங்கள், மணல் அரைப்பது போல உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. உள்ளே உலோகத் துகள் மின்னினால் கழுவி எடுக்காமல் மேலே போகக் கூடாது.

சிலிண்டர் பிழைக்குமா?

கிழிந்த எஞ்சினைப் பார்த்துச் சிலிண்டரும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நல்ல செயின்சா சிலிண்டர்களின் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் சேர்ந்த மிகக் கடினமான பூச்சு இருக்கும். ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967இல் அறிமுகப்படுத்திய நிக்கசில் இந்த வகையைச் சேர்ந்ததுதான். சிலவற்றில் குரோமியப் பூச்சு. பிஸ்டன் அலுமினியம் மென்மையானது, அதனால் பல நேரம் சுவரில் தெரியும் கோடுகள் காயமே அல்ல, பிஸ்டனிலிருந்து உருகி அப்பிய அலுமினியம். அதை நீக்கிவிட்டால் அடியில் பூச்சு அப்படியே இருக்கும்.

நீக்குவதற்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பயன்படும், அது அலுமினியத்தைக் கரைக்கும். வெளியில், காற்று வரும் இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். பஞ்சுக் குச்சியில் தொட்டு, அலுமினியம் அப்பிய இடத்தில் மட்டும் தடவுங்கள். நுரைக்கும். அப்போது வரும் வாயு ஹைட்ரஜன், பீடி சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம். துடைத்து, மறுபடி தடவுங்கள். நுரை நின்றால் அலுமினியம் போய்விட்டது. துவாரங்களின் ஓரத்தில் பூச்சு இல்லாத அலுமினியம் இருக்கும், அங்கே ஆசிட் வழிய விடாதீர்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, சுத்தத் தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். ஆசிட் ஆவி பட்டாலே பக்கத்தில் உள்ள ஸ்பேனர்கள் துருவேறும், அவற்றை எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சிலிண்டர் எஞ்சினிலிருந்து கழன்றிருக்கும்போது மட்டும்தான் இந்த வேலை. மெக்னீசிய உடலில் ஆசிட் பட்டால் அதைத் தின்றுவிடும்.

நீக்கிய பிறகு நயமான உப்புத்தாளால் சாய்வாகக் குறுக்கும் நெடுக்குமாக லேசாகத் தேய்த்து, விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் பயன்படுத்தலாம். ஒரே இடத்தில் நுரை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அங்கே பூச்சு உரிந்து அடி அலுமினியம் வந்துவிட்டது. அந்தச் சிலிண்டரை விட்டுவிடுங்கள்.

ஏன் இறுகியது? இதை விட்டுவிட்டால் எல்லாம் வீண்

நான் முதலில் சரிசெய்த செயின்சாவில் புகைப் பக்கம் ஆழமான கோடுகள் இருந்தன. சிலிண்டரைச் சுத்தம் செய்து, புது பிஸ்டன் போட்டேன். அருமையாக ஓடியது. இரண்டாவது டேங்க் முடிவதற்குள் வேகம் தானாக ஏறி, ஒரு கீச்சொலியோடு நின்றது. திறந்து பார்த்தால் அதே பக்கம், அதே கோடுகள். இன்டேக் ரப்பரின் மடிப்புக்குள், விரித்தால் மட்டும் தெரியும் ஒரு விரிசல். அந்த ரப்பரை முதலிலேயே கையில் எடுத்து மடக்கிப் பார்த்திருந்தால் ஒரு பிஸ்டன் பிழைத்திருக்கும்.

அதனால் வரிசையாகப் பாருங்கள். டேங்க்குக்குள் இருக்கும் ஃபில்ட்டரைக் கம்பிக் கொக்கியால் இழுத்து வெளியே எடுங்கள், கறுத்து விறைத்திருந்தால் மாற்றுங்கள். பெட்ரோல் குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் காற்று போகும். டேங்க்கின் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. ஓட்டத் தொடங்கிச் சில நிமிடத்தில் வலுவிழக்கும் இயந்திரத்துக்கு இது பொதுவான காரணம். கார்புரேட்டருக்குள் ஒரு சின்ன வலை ஃபில்ட்டர் உண்டு, அதையும், டயப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய இயந்திரத்தில் கார்புரேட்டர் கிட்டை யோசிக்காமல் மாற்றிவிடுவது என் வழக்கம்.

சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகளுக்கு நடுவே மரத்தூள் இறுகியிருந்தால் எஞ்சின் வெந்துவிடும். மூடிக்கு அடியில் இருப்பதால் பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

பிறகு கிராங்க்கின் இருபக்க ஆயில் சீல்கள். இவற்றைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, காற்றழுத்தச் சோதனைதான் வழி. எஞ்சினைச் சேர்த்த பிறகு, புகைத் துவாரத்தையும் இன்டேக்கையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, பிளக்கை மாட்டி, கிராங்க் கேஸிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் இம்பல்ஸ் குழாய் வழியாகக் கைப்பம்பால் 0.5 பார் (அழுத்த அலகு) அழுத்தத்துக்குக் காற்று ஏற்றுங்கள். 20 நொடிக்காவது முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீர் தடவுங்கள், குமிழி வரும் இடம்தான் கசிவு. அடுத்து அதே அளவு உறிஞ்சிப் பாருங்கள், ஏனென்றால் சில சீல்கள் உள்ளிருந்து தள்ளும்போது பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து இழுக்கும்போது மட்டும் காற்றை விடும். சோதிக்கும்போது கிராங்க்கை மெல்லச் சுற்றுங்கள். இந்தக் கைப்பம்பு வாங்கத் தயங்காதீர்கள், அது காப்பாற்றும் பிஸ்டனை விட மலிவு.

மறுபடி சேர்த்தல்

உதிரி வாங்கும் முன் சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு அளவு வந்திருக்கலாம். மலிவுச் செட்டுகளில் துவார ஓரங்கள் கூர்மையாக விட்டிருப்பார்கள், ரிங் அதில் மாட்டும். லேசாக மழுக்கிக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி புகைத் துவாரத்தைப் பார்க்க வேண்டும். புது வட்டக் கம்பிகளின் திறந்த வாய் மேலே அல்லது கீழே இருக்கட்டும், பக்கவாட்டில் அல்ல. ரிங்கின் இடைவெளி பள்ளத்தில் உள்ள சிறு முள்ளின் மேல் சரியாக உட்கார வேண்டும். பேரிங், பின், பிஸ்டன், சுவர் எல்லாவற்றிலும் 2டி ஆயில் தடவி, ரிங்கை விரலால் அழுத்திப் பிடித்துச் சிலிண்டரை இறக்குங்கள். தடுத்தால் தள்ளாதீர்கள், மறுபடி தூக்கிப் பாருங்கள். அடைத்த துணியை எடுத்துவிட்டீர்களா? போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, உங்கள் மாடலின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

சேர்த்ததும் பிளக் துளையில் அழுத்தமானியை மாட்டி, சிலிண்டர் அழுத்தத்தை அளந்து எழுதி வையுங்கள். த்ராட்டிலை முழுவதும் திறந்து, முள் ஏறுவது நிற்கும் வரை கயிற்றை இழுங்கள். நல்ல எஞ்சின் ஏறக்குறைய 150 பிஎஸ்ஐ காட்டும், புது ரிங் உட்காரும் வரை கொஞ்சம் குறைவாக இருக்கலாம். 100க்கும் கீழே என்றால் எங்கோ தவறு.

முதல் ஓட்டம்

புது பெட்ரோல், புது கலவை. 50க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர், 40க்கு 1 என்றால் 25, 25க்கு 1 என்றால் 40. உங்கள் இயந்திரத்துக்கு எது என்று கையேட்டில் பாருங்கள். தனிக் கேனில் கலந்து குலுக்கி ஊற்றுங்கள், டேங்க்கிலேயே கலக்காதீர்கள். கலவையை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

திருகும் ஸ்க்ரூ உள்ள கார்புரேட்டரில், அதிவேக ஸ்க்ரூவைக் கொஞ்சம் அதிகப் பெட்ரோல் பக்கம் வைத்துத் தொடங்குங்கள். சுமை இல்லாத முழு வேகத்தில் எஞ்சின் சற்றுக் கரகரத்து, மரத்தில் வைத்ததும் ஒலி தெளிவாக வேண்டும். மரத்தில் வைக்காதபோதே கூர்மையாக வீறிட்டால் பெட்ரோல் போதவில்லை, உடனே நிறுத்துங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் எம்-ட்ரானிக், ஆட்டோட்யூன் வகைகளில் இந்த ஸ்க்ரூவே இருக்காது, அவற்றில் கசிவுகளைத் தேடியதுதான் உங்கள் முழுப் பாதுகாப்பு.

முதலில் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி முழுவதும் ஆற விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படி. அப்புறம் பார், செயின் மாட்டி, பார் எண்ணெய் ஊற்றி, சிறு கட்டையில் தொடங்குங்கள். முதல் சில டேங்க்குகளுக்குச் சுமையில்லாமல் முழு வேகத்தில் தொடர்ந்து முறுக்காதீர்கள். செயின் பிரேக் பிடிக்கிறதா, ஐட்லில் செயின் நிற்கிறதா என்று மரத்தைத் தொடும் முன்பே பாருங்கள். முதல் டேங்க் முடிந்து எஞ்சின் நன்றாக ஆறியதும் சைலன்சர் போல்ட்டுகளையும் சிலிண்டர் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, சைலன்சரை மறுபடி கழற்றி டார்ச் அடித்து அந்தப் பிஸ்டன் பக்கத்தைப் பாருங்கள். கோடு எதுவும் விழாமல் இருந்தால் இரண்டாவது டேங்க்கை ஊற்றலாம்.